முதல் வெப்சைட்டுக்கு எந்த மென்பொருள்? குறைந்த செலவில் தொடங்குபவருக்கு ஓர் ஒப்பீடு

என்னுடைய முதல் வெப்சைட்டை ஓர் இழுத்துப் போடும் எடிட்டரில்தான் கட்டினேன். சனி, ஞாயிறு இரண்டே நாளில் தளம் தயார். முதல் வருடச் சந்தாவில் பெரிய தள்ளுபடி, டொமைன் பெயர் இலவசம். இரண்டாம் வருடம் முழுக் கட்டணமும் வந்தது, டொமைனுக்குத் தனியாக இன்னொரு பில்லும் வந்தது. தொடர்புப் படிவத்தில் எனக்கு வேண்டியிருந்த ஒரு சின்ன வசதி அடுத்த நிலைத் திட்டத்தில்தான் உண்டு என்றார்கள். சரி, வேறு இடத்துக்குப் போய்விடலாம் என்று எக்ஸ்போர்ட் பட்டனைத் தேடினால், அப்படி ஒன்று அதில் இல்லவே இல்லை. நாற்பதுக்கும் மேற்பட்ட பக்கங்களை ஒவ்வொன்றாகத் திறந்து, எழுத்தைக் காப்பி செய்து, படங்களைத் தனித்தனியாக இறக்கி முடிக்க நான்கு நாள் மாலை முழுக்கப் போனது.

அதற்குப் பிறகு யாராவது “எது மலிவு?” என்று கேட்டால், நான் இரண்டு விஷயங்களைத்தான் திருப்பிக் கேட்கிறேன். மூன்று வருடத்துக்குச் சேர்த்து எவ்வளவு ஆகும் என்று கூட்டிப் பார்த்தீர்களா? ஒருநாள் அந்த மென்பொருளை விட்டுப் போக நேர்ந்தால் உங்கள் கையில் என்ன மிஞ்சும்? இந்த ஒப்பீடு முழுக்க அந்த இரண்டு கேள்விகளை வைத்துத்தான்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். டொமைன் என்பது முகவரி. ஹோஸ்டிங் என்பது உங்கள் ஃபைல்கள் குடியிருக்கும் இடம். மென்பொருள் என்பது வீட்டைக் கட்டும் கருவி. மூன்றையும் ஒரே பொட்டலமாக விற்கும் சேவைகள் நிறைய இருப்பதால், புதிதாக வருபவருக்கு எதற்கு எவ்வளவு கொடுக்கிறோம் என்றே தெரிவதில்லை. நான் சொல்வது, எந்த மென்பொருளை எடுத்தாலும் டொமைனை மட்டும் தனியாக, உங்கள் பெயரில், வேறொரு பதிவாளரிடம் வாங்குங்கள். முகவரி உங்களிடம் இருந்தால் வீட்டை எப்போது வேண்டுமானாலும் மாற்றிக் கட்டலாம், வருகிறவர்கள் அதே முகவரிக்கு வருவார்கள். பொட்டலத்தோடு சேர்ந்து வந்த டொமைனையும் வெளியே எடுக்க முடியும்தான். ஆனால் பதிந்த முதல் 60 நாட்களுக்கு வழக்கமாக மாற்ற விடமாட்டார்கள், அப்புறமும் அமைப்புகளுக்குள் புகுந்து பூட்டைத் திறந்து, இடமாற்றத்துக்கான குறியீடு வாங்கி அலைய வேண்டும்.

இன்னொன்று, தளத்துக்கும் படிப்பவருக்கும் நடுவே போகும் தகவலைப் பாதுகாக்கும் எஸ்எஸ்எல் சான்றிதழுக்கென்று தனியாகப் பணம் கேட்டால் தயங்காமல் மறுத்துவிடலாம். 2015-இல் லெட்ஸ் என்கிரிப்ட் என்ற சேவை வந்த பிறகு அது இலவசமாகவே கிடைக்கிறது. நல்ல ஹோஸ்டிங் எல்லாமே அதைத் தானாகப் போட்டுக்கொடுக்கும்.

இழுத்துப் போடும் சேவைகள்

விக்ஸ், ஸ்குவேர்ஸ்பேஸ், வெப்ஃப்ளோ ஆகிய மூன்று பெயர்களும் தேடலில் முதலில் வந்து நிற்கும். மூன்றும் ஒரே மாதிரி விளம்பரம் செய்தாலும் மூன்றும் மூன்று விதமான ஆட்களுக்கானவை.

விக்ஸ் 2006-இல் தொடங்கியது. கணினியில் ஒரு வாழ்த்து அட்டை செய்யத் தெரிந்தவரால் இதில் தளம் கட்டிவிட முடியும். படத்தைப் பிடித்து இழுத்து எங்கே விட்டாலும் அங்கேயே நிற்கும். இந்தச் சுதந்திரமே பின்னால் தொல்லையும் தரும். பெரிய திரையில் அழகாக நின்ற எழுத்து, கைபேசியில் படத்தின் மேல் ஏறி உட்கார்ந்திருக்கும். அதைத் தனியாகச் சரி செய்ய வேண்டும். இலவசத் திட்டம் உண்டு, ஆனால் விக்ஸின் விளம்பரப் பட்டை தளத்தில் இருக்கும், சொந்த டொமைனை இணைக்க முடியாது. வழக்கமான எடிட்டரில் ஒரு டெம்ப்ளேட்டை (தயார் நிலை வடிவமைப்பை) எடுத்து வேலையைத் தொடங்கிவிட்டால், நடுவில் வேறு டெம்ப்ளேட்டுக்கு மாற முடியாது. தளத்தை அப்படியே எடுத்து வேறு ஹோஸ்டிங்கில் வைக்கவும் முடியாது. என் இரண்டாவது கேள்விக்கு விக்ஸின் பதில் இதுதான், அதனால் தெரிந்தே நுழைய வேண்டும்.

ஸ்குவேர்ஸ்பேஸில் இலவசத் திட்டம் கிடையாது, 14 நாள் சோதனைக் காலம் மட்டும்தான். பதிலுக்குக் கிடைப்பது நேர்த்தி. எழுத்துருவும் இடைவெளியும் முன்கூட்டியே யோசித்து வைக்கப்பட்டிருப்பதால், வடிவமைப்பு தெரியாதவர் கட்டினாலும் தளம் அசிங்கமாக வராது. புகைப்படக்காரர், கட்டடக் கலைஞர் மாதிரி படம் காட்டிப் பிழைப்பவர்களுக்கு இது நன்றாகவே உதவும். வெளியேறும் வழியும் ஓரளவு உண்டு. வேர்ட்பிரஸ் என்ற மென்பொருள் (அதைப் பின்னால் பார்ப்போம்) படிக்கக்கூடிய ஒரு ஃபைலாகப் பக்கங்களையும் வலைப்பதிவையும் இறக்கிக்கொள்ளலாம். தளத்தின் தோற்றமும், விற்பனைப் பொருட்களின் பக்கங்களும் அதில் வராது.

வெப்ஃப்ளோ பார்க்க இழுத்துப் போடும் கருவி மாதிரி இருக்கும். உள்ளே போனால் ஒவ்வொரு பெட்டிக்கும் மார்ஜின், பேடிங், ஃப்ளெக்ஸ் என்று, தளத்தின் தோற்றத்தை எழுதும் மொழியான சிஎஸ்எஸ்-இலேயே பேசும். அந்த மொழி தெரியாமல் உள்ளே போனவர் முதல் வாரத்திலேயே களைத்துவிடுவார். தெரிந்தவருக்கு இதைப் போல வசதியான கருவி குறைவு. இலவசத் திட்டத்தில் இரண்டு பக்கம் வரைக்கும் கட்டிப் பார்க்கலாம். தளத்தின் கோட் ஃபைல்களை வெளியே எடுக்கக் கட்டணத் திட்டம் வேண்டும். தொழிலாக வடிவமைப்பைக் கற்க நினைப்பவர் இரண்டாம் கட்டத்தில் வர வேண்டிய இடம் இது, முதல் படி அல்ல.

ஒரே ஒரு பக்கம் போதும் என்றால்

நிறைய பேருக்கு உண்மையில் தேவைப்படுவது ஒரு பக்கம்தான். பெயர், என்ன வேலை செய்கிறேன், நாலு படம், தொடர்புக்கு ஒரு வழி. இதற்காக மாதச் சந்தா கட்டுவது வீண் செலவு.

கார்ட் என்ற சேவை ஒற்றைப் பக்கத் தளங்களுக்கென்றே இருக்கிறது. மூன்று தளங்கள் வரை இலவசம். சொந்த டொமைன் வைக்க வேண்டும் என்றால் பணம், அதுவும் வருடத்துக்கு ஒருமுறை. அதன் அடிமட்டத் திட்டத்தின் ஒரு வருடக் கட்டணம் மற்ற பல சேவைகளின் ஒரு மாதக் கட்டணத்தை விடக் குறைவு, ஆனால் சொந்த டொமைனுக்கு அதற்கு அடுத்த நிலைத் திட்டம் வேண்டும். செய்ய முடியாதது நிறைய உண்டு, அதனாலேயே குழம்பவும் வழியில்லை. ஒரு மாலையில் உட்கார்ந்தால் முடித்துவிட்டு எழுந்திருக்கலாம்.

கூகுள் சைட்ஸ் முழுக்க இலவசம், சொந்த டொமைனும் இணைக்கலாம். தோற்றத்தில் எல்லாத் தளமும் ஒரே சாயலில்தான் இருக்கும். ஒரு குழு சேர்ந்து தகவல் போட்டு வைக்க, பாடக் குறிப்பு பகிர, இது போதும். தொடர்ந்து எழுதுபவர், ஆனால் கையில் காசே இல்லை என்றால், 1999-இல் பிறந்து 2003-இல் கூகுளிடம் வந்த பிளாகரை இன்றும் தயங்காமல் சொல்வேன். சொந்த டொமைனை இணைக்கலாம், எழுதியதையெல்லாம் ஒரே ஃபைலாக இறக்கி வைத்துக்கொள்ளலாம்.

இலவசச் சேவை ஒன்றில் இருப்பவர் வருடத்துக்கு இரண்டு முறையாவது அப்படி இறக்கி வைத்துக்கொள்ள வேண்டும். ஒரு காலத்தில் பிரபலமாக இருந்த இலவசத் தளச் சேவையான ஜியோசிட்டீஸ் 2009-இல் மூடப்பட்டது. சிறு வணிகங்கள் கூகுள் பிசினஸ் புரொஃபைல் வழியாகக் கட்டியிருந்த இலவசத் தளங்கள் 2024 மார்ச்சில் நிறுத்தப்பட்டன. பெரிய நிறுவனம் நடத்துகிறது என்பதால் ஒரு சேவை நிலைத்துவிடும் என்று சொல்ல முடியாது.

வேர்ட்பிரஸ்

2003-இல் மேட் முல்லன்வெக்கும் மைக் லிட்டிலும் தொடங்கிய இந்த மென்பொருளில்தான் இன்று உலக வெப்சைட்டுகளில் 40 சதவீதத்துக்கும் மேல் ஓடுகின்றன. மென்பொருள் இலவசம், யாரும் அதை உங்களிடமிருந்து பிடுங்க முடியாத உரிமத்தில் வருகிறது. புதியவர்கள் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. வேர்ட்பிரஸ்.காம் என்பது ஒரு நிறுவனம் நடத்தும் சேவை, சந்தாத் திட்டங்களோடு வரும். வேர்ட்பிரஸ்.ஆர்க் தளத்தில் கிடைப்பது மென்பொருள், அதை எடுத்து உங்களுக்குப் பிடித்த ஹோஸ்டிங்கில் நிறுவிக்கொள்ளலாம். “வேர்ட்பிரஸில் பிளகின் (கூடுதல் வசதி தரும் துணை மென்பொருள்) போடு” என்று யாராவது சொன்னால் பெரும்பாலும் இரண்டாவதைத்தான் சொல்கிறார்கள். முதலாவதின் இலவசத் திட்டத்தில் பிளகினுக்கு இடமில்லை.

செலவைப் பார்த்தால், ஹோஸ்டிங்கும் டொமைனும் மட்டும்தான் கட்டாயம். ஹோஸ்டிங் விளம்பரத்தில் பெரிய எழுத்தில் இருப்பது அறிமுக விலை. அதற்குக் கீழே சின்ன எழுத்தில் புதுப்பிக்கும் விலை இருக்கும், பல இடங்களில் அது இரண்டு மடங்குக்கும் மேல். மூன்று வருடக் கணக்குப் போடும்போது அந்தச் சின்ன எழுத்தைத்தான் எடுத்துக் கூட்ட வேண்டும். தளத்துக்குத் தோற்றம் தரும் தீம்களில் இலவசமாக வரும் ட்வென்டி ட்வென்டி-ஃபைவ் போன்றவையே தொடங்குபவருக்குப் போதும். காசு கொடுத்து வாங்கும் தீமின் மாதிரித் தளம் பளபளவென்று இருப்பதற்குப் பாதிக் காரணம் அதிலுள்ள படங்கள். உங்கள் படங்களைப் போட்டதும் அந்தப் பளபளப்பு போய்விடும்.

2018 டிசம்பரில் வந்த 5.0 பதிப்பிலிருந்து வேர்ட்பிரஸில் பிளாக் எடிட்டர் இருக்கிறது. பத்தி, படம், பட்டன், நெடுவரிசை ஒவ்வொன்றும் ஒரு கட்டை. அடுக்கிக்கொண்டே போகலாம். இதைப் பழகாமலே பலர் எடுத்த எடுப்பில் பக்கங்களை வடிவமைக்கத் தனியாக ஒரு பேஜ் பில்டர் பிளகினை நிறுவிவிடுகிறார்கள். அங்கேயும் என் இரண்டாவது கேள்வியைக் கேட்டுப் பாருங்கள். சில பில்டர்களை ஒருநாள் நீக்கினால், நீங்கள் எழுதிய பக்கம் முழுக்கச் சதுர அடைப்புக்குறிக்குள் ஏதேதோ குறியீடுகளாக நிற்கும். வேர்ட்பிரஸ் உங்களை அடைத்து வைக்காவிட்டாலும் அதற்குள் நீங்கள் போட்ட ஒரு பிளகின் அடைத்து வைத்துவிடும். முதல் ஆறு மாதம் பிளாக் எடிட்டரோடு மட்டும் இருங்கள் என்பது என் அழுத்தமான கருத்து.

இதில் ஒரு பாரம் இருப்பதையும் சொல்ல வேண்டும். வேர்ட்பிரஸ் தளத்தைப் பராமரிக்க வேண்டும். மென்பொருள், தீம், பிளகின் மூன்றையும் அவ்வப்போது புதுப்பிக்க வேண்டும். தளத்துக்குள் கள்ளத்தனமாக நுழைபவர்கள் பெரும்பாலும் பழசாகிப்போன பிளகின் வழியாகத்தான் நுழைகிறார்கள். 2020-இல் வந்த 5.5 பதிப்பிலிருந்து பிளகின்கள் தானாகப் புதுப்பித்துக்கொள்ளும்படி வைக்கலாம், அதை முதல் நாளே இயக்கிவிடுங்கள். தளத்தின் முழுப் பிரதி ஒன்றை வாரம் ஒருமுறை எடுத்து வையுங்கள். இதற்கெல்லாம் பொறுமை இல்லை என்பவருக்கு விக்ஸோ ஸ்குவேர்ஸ்பேஸோ கேட்கும் சந்தா நியாயமானதுதான். அந்தப் பணத்தில் ஒரு பகுதி இந்த வேலைக்கான கூலி.

ஹோஸ்டிங் வாங்கும் முன் தொட்டுப் பார்க்க ஒரு வழி உண்டு. வேர்ட்பிரஸ் பிளேகிரவுண்ட் என்று தேடித் திறந்தால், பிரவுசருக்குள்ளேயே ஒரு முழு வேர்ட்பிரஸ் ஓடும். கணக்குத் தொடங்க வேண்டாம், எதையும் நிறுவ வேண்டாம். ஒரு மணி நேரம் அதில் விளையாடிவிட்டு, பிடித்தால் மட்டும் ஹோஸ்டிங்குக்குப் போகலாம்.

கோட் (நிரல்) கையால் எழுதுவது

“தொடங்குபவருக்கு இதையா சொல்வது?” என்று கேட்பார்கள். சொல்வேன். கற்றுக்கொள்வதுதான் நோக்கம் என்றால் இதை விட மலிவான வழி கிடையாது, இதை விட நிலைத்து நிற்கும் வழியும் கிடையாது.

விஷுவல் ஸ்டுடியோ கோட் (சுருக்கமாக விஎஸ் கோட்) என்ற எடிட்டர் 2015-இல் மைக்ரோசாஃப்ட் வெளியிட்டது, இலவசம். அதை நிறுவி, ஒரு காலி ஃபோல்டரைத் திறந்து, இண்டெக்ஸ்.எச்டிஎம்எல் (index.html) என்று ஒரு ஃபைல் உருவாக்குங்கள். எச்டிஎம்எல் என்பது வெப் பக்கத்தை எழுதும் மொழி. முதல் வரியில் ஓர் ஆச்சரியக்குறியை மட்டும் தட்டி டேப் விசையை அழுத்தினால், பத்துப் பன்னிரண்டு வரிகள் தானாக வந்து விழும். ஒரு முழு வெப் பக்கத்தின் எலும்புக்கூடு அது. அதில் வியூபோர்ட் என்று ஒரு வரி இருக்கும், அதை அழிக்காதீர்கள். அந்த வரி இல்லாவிட்டால் கைபேசி உங்கள் பக்கத்தைப் பெரிய திரைக்கானது என்று நினைத்து எறும்பு எழுத்தில் சுருக்கிக் காட்டும். பாடி (<body>, </body>) என்ற இரண்டு குறிகளுக்கு நடுவே, பெரிய தலைப்புக்கான எச்1 குறிகளைப் (<h1>, </h1>) போட்டு அவற்றுக்குள் உங்கள் பெயரை எழுதுங்கள். கீழே ஒரு பத்தி. சேமித்துவிட்டு, ஃபோல்டரில் அந்த ஃபைலை இரட்டைச் சொடுக்குச் சொடுக்கினால் பிரவுசரில் உங்கள் பக்கம் திறக்கும். வெள்ளைத் தாளில் கறுப்பு எழுத்து, அவ்வளவுதான். ஆனால் அதிலுள்ள ஒவ்வொரு எழுத்தும் ஏன் அங்கே இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியும். எனக்கு அந்த நிமிடத்தில் கிடைத்த நம்பிக்கை எந்த டெம்ப்ளேட்டும் கொடுக்காதது.

அடுத்து அலங்காரம். எழுத்து திரையின் ஓரம் முதல் ஓரம் வரை ஓடாமல் நடுவில் நிற்க சிஎஸ்எஸ்-இல் இரண்டு வரி போதும், அகலத்துக்கு ஒரு வரம்பு, இருபுறமும் தானியங்கு மார்ஜின் (ஓர இடைவெளி). கட்டங்களாக அடுக்க சிஎஸ்எஸ்-இலேயே கிரிட் என்ற வசதி இருக்கிறது. 2017-க்கு முன் இதையே செய்ய ஆட்கள் பட்ட பாடு கொஞ்சமில்லை. அந்த வருடம் எல்லா முக்கிய பிரவுசர்களிலும் கிரிட் வந்த பிறகு புதியவர்களுக்கு வாழ்க்கை எளிதாகிவிட்டது. படிக்க, வெப் மொழிகளை விளக்கும் எம்டிஎன் தளம் இலவசம், நம்பகமானது.

முடித்ததை வெளியிட, கோட் சேமித்து வைக்கும் கிட்ஹப் தளத்தின் இலவச ஹோஸ்டிங்கான கிட்ஹப் பேஜஸ் இருக்கிறது. ஒரு ரெபாசிட்டரி (ஃபைல்களை வைக்கும் இடம்) தொடங்கி, ஃபைல்களைப் பிரவுசர் வழியாகவே ஏற்றி, அமைப்புகளில் பேஜஸ் பகுதிக்குப் போய் எந்தக் கிளையிலிருந்து (branch) வெளியிட வேண்டும் என்று தேர்ந்தெடுத்தால், சற்று நேரத்தில் தளம் உலகத்துக்குத் தெரியும். தளத்தின் அளவு 1 ஜிபிக்குள் இருக்க வேண்டும், மாதத்துக்கு 100 ஜிபி வரை தரவு போகலாம். சொந்த அறிமுகத் தளத்துக்கு இது மிக அதிகம். ஆன்லைன் கடை நடத்த அனுமதி இல்லை. ஆக, மூன்று வருடச் செலவு டொமைன் பெயருக்கு மட்டும். அதையும் வேண்டாம் என்றால் செலவே இல்லை. விட்டுப் போகும் நாளில் அந்த ஃபோல்டரை எடுத்து வேறிடத்தில் வைத்தால் வேலை முடிந்தது.

குறையும் உண்டு. தொடர்புப் படிவம் வேண்டுமென்றால் வெளிச் சேவை ஒன்றைச் சேர்க்க வேண்டும். பக்கங்கள் இருபதைத் தாண்டினால், மேலே உள்ள மெனுவில் ஒரு சொல்லை மாற்ற இருபது ஃபைலைத் திறக்க வேண்டியிருக்கும். கோட் தெரியாத ஒருவரிடம் தளத்தை ஒப்படைக்கவும் முடியாது. இந்த இடத்தில் பப்ளீ என்ற ஓர் இலவசத் திறமூல மென்பொருளைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும், ஏனோ இதை யாரும் போதிய அளவு பேசுவதில்லை. விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும் இதில், வேர்ட்பிரஸ் போலவே ஒரு எடிட்டரில் எழுதலாம். ஒரு பட்டனை அழுத்தினால் சாதாரண எச்டிஎம்எல் பக்கங்களாக மாற்றி, கிட்ஹப் பேஜஸிலோ நெட்லிஃபை என்ற ஹோஸ்டிங்கிலோ அதுவே ஏற்றிவிடும். தளத்தின் மூல ஃபைல்கள் உங்கள் கணினியில் இருப்பதால் அந்த ஃபோல்டரை இன்னொரு இடத்தில் நகல் எடுத்து வைப்பது கட்டாயம்.

ட்ரீம்வீவர் வாங்கலாமா என்று இன்றும் கேட்பவர்கள் உண்டு. 1997-இல் மேக்ரோமீடியா கொண்டுவந்து, பிறகு அடோபி கைக்குப் போன மென்பொருள் அது. ஒரு காலத்தில் தொழிலே அதில்தான் நடந்தது. இன்று தொடங்குபவர் சந்தா கட்டி அதை எடுக்க ஒரு காரணமும் எனக்குத் தெரியவில்லை. ஃபிக்மா, பென்பாட் இரண்டும் வேறு வகை, அவற்றின் முதல் வேலை தளத்தின் தோற்றத்தை வரைந்து பார்ப்பது. வரைவது நல்ல பழக்கம். ஆனால் வரைந்த படத்தைத் தளமாக மாற்றப் பெரும்பாலும் மேலே சொன்ன ஏதாவது ஒன்று வேண்டும்.

நான் எதைச் சொல்வேன்

ஒரு பக்கம் போதும், அடுத்த வாரத்துக்குள் வேண்டும் என்றால் கார்ட். தொடர்ந்து எழுதப் போகிறேன், தளம் வருடக்கணக்கில் வளரும் என்றால் சொந்த ஹோஸ்டிங்கில் வேர்ட்பிரஸ். இந்த வேலையைக் கற்றுப் பிழைக்கப் போகிறேன் என்றால் விஎஸ் கோடும் கிட்ஹப் பேஜஸும், வேறு எதையும் இப்போதைக்குத் திரும்பிப் பார்க்க வேண்டாம். எழுதுவதும் வேண்டும், பராமரிப்புத் தலைவலியும் வேண்டாம் என்றால் பப்ளீ. கடையையோ தொழிலையோ நடத்திக்கொண்டு இதற்கு நேரமே இல்லாதவர், டொமைனை மட்டும் தனியாக வாங்கிக்கொண்டு ஸ்குவேர்ஸ்பேஸுக்கோ விக்ஸுக்கோ போகலாம், எழுத்தையும் படங்களையும் மட்டும் தன் கணினியில் ஒரு ஃபோல்டரில் தனியாகச் சேர்த்துக்கொண்டே வர வேண்டும்.

எதைத் தேர்ந்தெடுத்தாலும் பணம் கட்டும் முன் ஒரு மாலை நேரத்தைச் சோதனைக்கு ஒதுக்குங்கள். டெம்ப்ளேட்டில் இருக்கும் மாதிரி எழுத்தை நம்பாமல் உங்கள் சொந்த எழுத்தைப் போட்டுப் பாருங்கள். தமிழில் தளம் கட்டுபவருக்கு இது ரொம்ப முக்கியம். ஆங்கிலத்தில் நான்கெழுத்துச் சொல்லுக்காக வரைந்த பட்டனுக்குள் ‘தொடர்புகொள்ளுங்கள்’ என்று போட்டதும் எழுத்து இரண்டு வரியாக உடைந்து, பாதி வெளியே தொங்கும். மேலும் கீழும் நீளும் நம் எழுத்துக்கு வரி இடைவெளியும் கூடுதலாக வேண்டும். அதைக் கூட்ட அந்த மென்பொருள் விடுகிறதா, தமிழ் எழுத்துரு ஒன்றைச் சேர்க்க விடுகிறதா என்று பாருங்கள். பிறகு பிரவுசரில் எஃப்12 அழுத்தி, கைபேசி வடிவத்துக்கு மாற்றி, மேலிருந்து கீழே வரை ஒருமுறை நகர்த்துங்கள். மூன்று பக்கம் கட்டி முடித்ததும் அந்தத் தளத்தை எக்ஸ்போர்ட் செய்து, கிடைத்த ஃபைலைத் திறந்து, நீங்கள் எழுதிய பத்தி அதற்குள் இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். கிரெடிட் கார்டை அதற்குப் பிறகு எடுக்கலாம்.